இரண்டு நிரல்கள் சாக்கெட் வழியே பேசிக்கொள்ள: போர்ட் தேர்வு முதல் சோதனை வரை

சாக்கெட் என்பது ஒரு நிரல் இன்னொரு நிரலோடு நெட்வொர்க் வழியே பேசத் திறக்கும் முனை. அதைப் பற்றிய பாடங்களில் பெரும்பாலானவை, "வணக்கம்" என்ற ஒரு சொல்லை ஒரு நிரலிலிருந்து இன்னொரு நிரலுக்கு அனுப்பிக் காட்டியதும் முடிந்துவிடும். ஒரே கணினியில் ஓட்டிப் பார்க்கும்போது அது அழகாக வேலை செய்யும். அதே நிரலை இரண்டு கணினிகளுக்கு நடுவே, வைஃபையில், கொஞ்சம் பெரிய தரவோடு ஓட்டினால்தான் கூத்து. பாதிச் செய்தி வரும், இரண்டு செய்திகள் ஒட்டிக்கொண்டு வரும், தமிழ் எழுத்துகள் உடைந்து கேள்விக்குறியாகும்.

சாக்கெட்டுக்கு அடியில் தரவைக் கொண்டுசேர்க்கும் விதிமுறையான டிசிபிக்குச் செய்தி என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் வரிசையாக ஓடும் பைட்டுகள் மட்டும். அனுப்பிய பைட்டுகள் அனுப்பிய வரிசையிலேயே வந்து சேரும், அவ்வளவுதான் அதன் வாக்குறுதி. ஒரு செய்தி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்வது நம் பொறுப்பு. அதனால் இந்த வழிகாட்டியில் இணைப்பை ஏற்படுத்துவதைச் சீக்கிரம் முடித்துவிட்டு, செய்தியைப் பிரிக்கும் வேலையில் அதிக நேரம் செலவிடப் போகிறோம்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு சிறிய உணவகத்தை வைத்துக்கொள்வோம். கல்லாவில் ஒரு கணினி, சமையலறையில் இன்னொன்று. கல்லாவில் ஆர்டர் போட்டதும் சமையலறைத் திரையில் தெரிய வேண்டும், சமையலறை "கிடைத்தது" என்று பதில் அனுப்ப வேண்டும். நிரல் வரிகளைக் குறிப்பிட்ட ஒரு மொழியில் எழுதாமல் செய்முறையாகத் தமிழிலேயே தருகிறேன். 1983-ல் 4.2 பிஎஸ்டி யூனிக்ஸோடு வந்த அழைப்புகள்தான் இன்றும் சி, பைத்தான், ரூபி என்று பல மொழிகளில் கிட்டத்தட்ட அதே பெயரில் இருக்கின்றன. விண்டோஸும் அதைத்தான் பின்பற்றியது. அதனால் உங்கள் மொழிக்கு மாற்றிக்கொள்வது சிரமமாக இருக்காது.

முதல் படி: எழுதுவதற்கு முன் முடிவு செய்ய வேண்டியவை

யார் காத்திருப்பது, யார் தேடி வருவது? சமையலறை ஒன்றுதான், கல்லா நாளைக்கு இரண்டாகலாம். ஆகவே சமையலறை சர்வர், கல்லா கிளையன்ட். சர்வரின் முகவரி மாறக் கூடாது. ரௌட்டர் அமைப்பில் அந்தக் கணினிக்கு ஒரு நிலையான ஐபி ஒதுக்கிவிடுங்கள். இங்கே 192.168.1.20 என்று வைத்துக்கொள்கிறேன்.

ஒரு கணினியில் எந்த நிரலுக்கான இணைப்பு என்று காட்டும் போர்ட் எண் 0 முதல் 65535 வரை இருக்கலாம். யூனிக்ஸ் வகைக் கணினிகளில் 1024-க்குக் கீழே உள்ளவற்றைப் பிடிக்க வழக்கமாக நிர்வாகி உரிமை வேண்டும். லினக்ஸ் தன்னிச்சையாக வெளிச்செல்லும் இணைப்புகளுக்கு 32768 முதல் 60999 வரை எடுத்துக்கொள்ளும். இந்த இரண்டுக்கும் நடுவே ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது. நான் 5050 எடுக்கிறேன்.

டிசிபியா, அதற்கு மாற்று விதிமுறையான யூடிபியா என்ற கேள்வியும் வரும். யூடிபியில் செய்தியின் எல்லை கலையாது, ஆனால் செய்தியே காணாமல் போகலாம், முன்பின்னாக வரலாம், இரண்டு முறையும் வரலாம். ஆர்டர் காணாமல் போனால் சாப்பிட வந்தவர் சும்மா இருக்க மாட்டார். எனவே டிசிபி.

இரண்டாம் படி: சர்வர் பக்கம்

காத்திருப்பு = சாக்கெட் உருவாக்கு (ஐபி 4, டிசிபி)
காத்திருப்பில் ரீயூஸ்-அட்ரஸ் அமைப்பை ஆன் செய்
காத்திருப்பு.பைண்ட் ("0.0.0.0", 5050)
காத்திருப்பு.லிசன்
திரும்பத் திரும்ப:
    இணைப்பு, எதிர்முகவரி = காத்திருப்பு.அக்செப்ட்
    இணைப்பைக் கவனி

பைண்ட் என்பது சாக்கெட்டை ஒரு முகவரியோடும் போர்ட்டோடும் கட்டுவது. அதில் 127.0.0.1 என்று கொடுத்தால் அதே கணினியில் உள்ள நிரல்கள் மட்டுமே வர முடியும். 0.0.0.0 என்றால் அந்தக் கணினியின் எல்லா நெட்வொர்க் முகவரிகளிலும் காத்திருக்கும். "என் கணினியில் ஓடுகிறது, பக்கத்துக் கணினியிலிருந்து வரவில்லை" என்ற புலம்பலுக்குப் பாதி நேரம் இந்த ஒரு வரிதான் காரணம். மீதி நேரம், வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வால்.

அக்செப்ட் புதிதாக ஒரு சாக்கெட்டைத் திருப்பித் தரும் என்பதைக் கவனியுங்கள். தரவு பேசுவது அதன் வழியே. பழைய சாக்கெட் அடுத்தவருக்காகத் தொடர்ந்து காத்திருக்கும்.

ரீயூஸ்-அட்ரஸ் எதற்கு? டிசிபியில் இணைப்பை முதலில் மூடுகிறவர் பக்கம் அந்த இணைப்பு சிறிது நேரம் டைம்-வெயிட் நிலையில் கிடக்கும். லினக்ஸில் அது 60 நொடி. அந்த நேரத்தில் சர்வரை மறுபடி ஓட்டினால் "முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது" என்ற பிழை வரும். இந்த அமைப்பு அதைத் தவிர்க்கிறது. ஆனால் விண்டோஸில் இதே பெயருக்கு வேறு பொருள்: ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் போர்ட்டை இன்னொரு நிரல் பறித்துக்கொள்ளக்கூட அனுமதிக்கும். அங்கே இதைத் தொடாதீர்கள்.

மூன்றாம் படி: கிளையன்ட் பக்கம்

இணைப்பு = சாக்கெட் உருவாக்கு (ஐபி 4, டிசிபி)
இணைப்புக்கு 5 நொடி டைம்அவுட் வை
இணைப்பு.கனெக்ட் ("192.168.1.20", 5050)

டைம்அவுட் வைக்காவிட்டால் லினக்ஸ் கனெக்ட் முயற்சியை இயல்பாக இரண்டு நிமிடத்துக்கு மேல் இழுக்கும். கல்லாவில் நிற்பவர் அவ்வளவு நேரம் திரையை வெறித்துக்கொண்டிருக்க மாட்டார்.

கனெக்ட் தோற்கும் விதமே ஒரு துப்பு. "மறுக்கப்பட்டது" என்று உடனே வந்தால் அந்தக் கணினி உயிரோடு இருக்கிறது, அந்தப் போர்ட்டில்தான் யாரும் இல்லை. சர்வர் நிரல் ஓடவில்லை, அல்லது 127.0.0.1-ல் உட்கார்ந்திருக்கிறது. எந்தப் பதிலும் இல்லாமல் டைம்அவுட் ஆனால் பெரும்பாலும் ஃபயர்வால் பாக்கெட்டை விழுங்குகிறது. ஒரே நெட்வொர்க்கில் அந்த முகவரியில் கணினியே இல்லை என்றால் லினக்ஸ் சில நொடிகளில் "போக வழியில்லை" என்று சொல்லிவிடும்.

கனெக்ட் வெற்றி பெற்றால் சர்வர் நிரல் நலமாக இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். இணைப்பைத் தொடங்கும் டிசிபியின் மூன்று கட்டக் கைகுலுக்கலை முடிப்பது எதிர்க் கணினியின் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி. நிரல் அக்செப்ட் அழைப்பதற்கு முன்பே அது முடிந்துவிடும். நிரல் எங்கேயோ மாட்டிக்கொண்டு நின்றாலும் கல்லாவுக்கு இணைப்பு கிடைத்தது போலவே தெரியும்.

நான்காம் படி: செய்தியைப் பிரித்தெடுப்பது

கல்லா "2 தோசை" என்று அனுப்புகிறது, உடனே "1 காபி" என்று அனுப்புகிறது. சமையலறை ஒருமுறை ரிசீவ் அழைத்தால் என்ன கிடைக்கும்? "2 தோசை" கிடைக்கலாம். "2 தோசை1 காபி" என்று ஒட்டி வரலாம். "2 தோ" வரை வந்து, மீதி அடுத்த அழைப்பில் வரலாம். எல்லாமே டிசிபியின் விதிக்கு உட்பட்டதுதான். ரிசீவில் 1024 என்று கொடுப்பது "அதிகபட்சம் இவ்வளவு" என்று பொருள்படுமே தவிர, "இவ்வளவு வரும்வரை நில்" என்று ஆகாது.

ஒரே கணினியில் சோதித்தால் இது ஏன் தெரிவதில்லை? கணினி தனக்குத்தானே பேசும் பாதையான லூப்பேக், லினக்ஸில் ஒரே பாக்கெட்டில் 65536 பைட்டுகள் வரை கொண்டுபோகும். வழக்கமான ஈதர்நெட்டில் உச்சம் 1500, அதில் தலைப்புகள் போக உங்கள் தரவுக்கு 1460 பைட்டுகள்தான். வீட்டில் சோதித்த நிரல் கடையில் உடைவது இதனால்தான்.

தீர்வுக்கு இரண்டு வழிகள். ஒன்று, முடிவுக் குறி வைப்பது: ஒவ்வொரு செய்தியின் கடைசியிலும் புது வரிக் குறி. உரைக்கு இது எளிது, கையால் தட்டச்சு செய்தே சோதிக்கலாம். ஜேசன் என்ற உரைவடிவத் தரவு அமைப்பைப் பயன்படுத்தினால் உரைக்குள் இருக்கும் புது வரி வேறு வடிவத்துக்கு மாறிவிடும், எனவே ஒரு வரிக்கு ஒரு ஜேசன் என்று வைத்தால் குழப்பமே வராது. இரண்டாவது வழி, முன்னாலேயே நீளத்தைச் சொல்வது: முதல் 4 பைட்டுகளில் "இனி இத்தனை பைட்டுகள் வரும்" என்ற எண், அப்புறம் அந்த அளவு தரவு. உலாவிகள் பேசும் எச்டிடிபி 1.1 இரண்டையும் கலந்து பயன்படுத்துகிறது: தலைப்புகள் வரிவரியாக முடியும், உடலுக்குப் பெரும்பாலும் நீளம் சொல்லப்பட்டிருக்கும்.

ஆர்டர் மட்டும்தான் என்றால் ஜேசன் வரியே போதும் என்பேன். நாளைக்குப் படமோ ஒலியோ அனுப்ப வேண்டியிருக்கும் என்றால் நீளம் சொல்லும் முறைதான் நிம்மதி. இங்கே அதையே எடுத்துக்கொள்வோம்.

செய்தி_அனுப்பு (இணைப்பு, உரை):
    உடல் = உரையை யூடிஎஃப்-8 பைட்டுகளாக மாற்று
    தலை = உடலின் பைட் நீளத்தை 4 பைட் பிக் எண்டியன் எண்ணாக மாற்று
    இணைப்பு.செண்ட்ஆல் (தலை + உடல்)

சரியாகப்_படி (இணைப்பு, எத்தனை):
    சேர்ந்தது = வெற்று
    சேர்ந்ததன் நீளம் எத்தனையை விடக் குறைவாக இருக்கும்வரை:
        துண்டு = இணைப்பு.ரிசீவ் (எத்தனை − சேர்ந்ததன் நீளம்)
        துண்டு காலி என்றால்: "நடுவில் அறுந்தது" என்று பிழை எழுப்பு
        சேர்ந்ததோடு துண்டைச் சேர்
    சேர்ந்ததைக் கொடு

செய்தி_படி (இணைப்பு):
    தலை = சரியாகப்_படி (இணைப்பு, 4)
    நீளம் = தலையை பிக் எண்டியன் எண்ணாக மாற்று
    நீளம் 65536-ஐத் தாண்டினால்: பிழை எழுப்பு
    உடல் = சரியாகப்_படி (இணைப்பு, நீளம்)
    உடலை யூடிஎஃப்-8 உரையாக மாற்றிக் கொடு

வரிகள் கொஞ்சம்தான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது.

பைட் நீளம் என்று அழுத்திச் சொன்னதை முதலில் பார்ப்போம். "தோசை" கண்ணுக்கு இரண்டு எழுத்து. பைத்தானில் அந்த உரையின் நீளத்தைக் கேட்டால் 4 என்னும், ஏனென்றால் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் த, ஓகாரக் குறி, ச, ஐகாரக் குறி என்று நான்கு குறிகள். தமிழின் ஒவ்வொரு குறியும், குறிகளைப் பைட்டுகளாக எழுதும் முறையான யூடிஎஃப்-8-ல் 3 பைட்டுகள் எடுக்கும், ஆக வயரில் போவது 12 பைட்டுகள். தலையில் 4 என்று எழுதி அனுப்பினால் எதிர்ப்பக்கம் 4 பைட்டுகளைப் படித்து, இரண்டாவது குறியை நடுவில் வெட்டி, மாற்ற முடியாமல் விழும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தவர்களுக்கு இந்தப் பிழை கண்ணிலேயே படாது. அதேபோல ரிசீவ் தந்த ஒவ்வொரு துண்டையும் அப்போதே உரையாக மாற்றக் கூடாது. முழு உடலும் சேர்ந்த பிறகுதான் மாற்ற வேண்டும்.

தமிழுக்கே உரிய இன்னொரு சங்கடமும் உண்டு. ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் கால் குறியுமாகப் பிரித்தும் எழுதலாம். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். இரண்டாவது வகையில் "தோசை" 15 பைட்டுகள் ஆகும். செய்தியைப் பிரிக்கும் நம் முறைக்கு இதனால் கெடுதல் இல்லை, ஆனால் சமையலறை நிரல் அந்தப் பெயரை உணவுப் பட்டியலில் தேடினால் கிடைக்காது. இரு பக்கமும், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவுக்கு மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள். அதைவிட, பெயருக்குப் பதில் பொருள் எண்ணை அனுப்புவது இன்னும் உத்தமம்.

அடுத்து பிக் எண்டியன். பல பைட் எண்ணைப் பெரிய பகுதி முதலில் வரும்படி அனுப்புவது நெட்வொர்க் வழக்கம். நம் மேசையில் இருக்கும் இன்டெல், ஏஎம்டி கணினிகள் உள்ளுக்குள் அதற்கு நேர்மாறாக வைத்திருக்கின்றன. ஒரு பக்கம் மாற்றி, மறுபக்கம் மாற்ற மறந்தால் 12 என்ற நீளம் 201326592 ஆகத் தெரியும். சமையலறை கிட்டத்தட்ட 200 எம்பி வரும் என்று காத்துக்கிடக்கும்.

நீளத்துக்கு உச்சவரம்பு வைத்தது ஏன்? 4 பைட்டில் 429 கோடிக்கு மேல் எழுத முடியும். யாராவது தவறுதலாகவோ வேண்டுமென்றோ பெரிய எண்ணை அனுப்பினால் நிரல் நினைவகத்தைக் கொட்டிக்கொடுக்கும். பதிவேட்டில் 1195725856 என்ற நீளம் எப்போதாவது தென்பட்டால் சிரித்துக்கொள்ளுங்கள்: யாரோ உங்கள் போர்ட்டை உலாவியில் திறந்திருக்கிறார்கள். எச்டிடிபியின் கெட் (GET) என்ற மூன்று எழுத்தையும் அதன் பின் உள்ள இடைவெளியையும் எண்ணாகப் படித்தால் அதுதான் வரும்.

பைத்தானில் செண்ட் என்றும் செண்ட்ஆல் என்றும் இரண்டு உண்டு. செண்ட் கொடுத்ததில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு "இவ்வளவுதான் எடுத்தேன்" என்று எண்ணைத் திருப்பித் தரலாம். செண்ட்ஆல் முழுவதும் எடுக்கும்வரை விடாது. சி-யில் அந்தச் சுற்றை நீங்களே எழுத வேண்டும்.

தலையையும் உடலையும் சேர்த்து ஒரே முறையில் அனுப்பியதற்கும் காரணம் உண்டு. தனித்தனியாக அனுப்பினால், முதல் சிறு துண்டு வந்து சேர்ந்தது என்ற ஒப்புகை எதிர்ப்பக்கத்திலிருந்து வரும்வரை இரண்டாவது சிறு துண்டை டிசிபி பிடித்துவைக்கும். ஜான் நேகிள் 1984-ல் முன்வைத்த வழிமுறை அது. எதிர்ப்பக்கமோ ஒப்புகையைக் கொஞ்சம் தாமதித்து அனுப்பும், லினக்ஸில் சுமார் 40 மில்லிநொடி. இரண்டும் ஒன்றையொன்று பார்த்து நிற்க, உள்ளூர் நெட்வொர்க்கிலேயே நிரல் மந்தமாகத் தெரியும். இப்படிப் பிடித்துவைப்பதை நிறுத்தும் டிசிபி-நோடிலே அமைப்பை ஆன் செய்தும் சரிசெய்யலாம், ஆனால் சேர்த்து அனுப்புவது அதைவிட எளிது.

ஐந்தாம் படி: "கிடைத்தது" என்ற பதில்

செண்ட்ஆல் பிழையின்றி முடிந்தால் பைட்டுகள் உங்கள் கணினியின் கெர்னலிடம் போய்ச் சேர்ந்தன என்று மட்டுமே பொருள். சமையலறைக்குப் போனதா, அந்த நிரல் படித்ததா, திரையில் காட்டியதா என்பதெல்லாம் தெரியாது. எதிர்ப்பக்கம் மூடிவிட்ட பிறகும் முதல் செண்ட் வெற்றி பெறலாம், அடுத்ததில்தான் "உடைந்த குழாய்" பிழை வரும். சி-யில் எழுதினால் அந்த இடத்தில் சிக்பைப் என்ற சமிக்ஞை வந்து நிரலையே கொன்றுவிடும், அதைப் புறக்கணிக்கச் சொல்லிவையுங்கள்.

ஆகவே சமையலறை ஆர்டரைத் திரையில் போட்டு, கோப்பிலும் எழுதிய பிறகு, "ஆர்டர் 417 கிடைத்தது" என்று திருப்பி அனுப்ப வேண்டும். கல்லா அதற்கு 3 நொடி காத்திருக்கும். வராவிட்டால் இணைப்பை மூடிவிட்டு, புதிதாக இணைத்து, மறுபடி அனுப்பும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஆர்டர் போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்திருந்தால்? மறுபடி அனுப்பினால் சமையலறையில் இரண்டு தோசைக்குப் பதில் நான்கு வேகும். அதனால்தான் ஒவ்வொரு ஆர்டருக்கும் கல்லாவே ஒரு எண் கொடுக்க வேண்டும், மறுமுறை அனுப்பும்போது அதே எண் போக வேண்டும். இரண்டு கல்லா இருந்தால் கல்லா எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சமையலறை சமீபத்திய எண்களை நினைவில் வைத்திருந்து, பார்த்த எண் திரும்ப வந்தால் சமைக்காமல் பதிலை மட்டும் அனுப்பும்.

ஆறாம் படி: மூடுவதும், சொல்லாமல் போவதும்

ஒழுங்காக மூடினால் எதிர்ப்பக்கத்தின் ரிசீவ் காலியான துண்டைத் தரும். செய்திக்கு நடுவே அப்படி வந்தால் பிழை, இரண்டு செய்திகளுக்கு இடையே வந்தால் இயல்பான விடைபெறல். மேலே உள்ள செய்முறை இரண்டையும் பிழை என்றே சொல்லும், தலையின் முதல் பைட்டே வராத நிலையை மட்டும் தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நிரல் விழுந்தாலும் கெர்னல் இணைப்பை மூடிவிடும், அதுவும் தெரிந்துவிடும்.

கரண்ட் போனால் எதுவும் தெரியாது. கல்லாக் கணினி சட்டென்று அணைந்தால் சமையலறையின் ரிசீவ் காலகாலத்துக்கும் காத்திருக்கும். எதிர்ப்பக்கம் இருக்கிறதா என்று டிசிபியே விசாரிக்கும் கீப்-அலைவ் இதற்குத்தான், ஆனால் அது இயல்பாக அணைந்திருக்கும். ஆன் செய்தாலும் லினக்ஸின் இயல்பு அமைப்பில் முதல் விசாரிப்பே 2 மணி நேரம் கழித்துத்தான். அனுப்புகிற பக்கமும் அப்படியே: பதிலே வராத கணினிக்கு லினக்ஸ் சுமார் 15 நிமிடம் மறுபடி மறுபடி அனுப்பிப் பார்க்கும். இந்த எண்களை நம்பி உணவகம் நடத்த முடியாது. கல்லா 10 நொடிக்கு ஒருமுறை "இருக்கிறேன்" என்று ஒரு சிறு செய்தி அனுப்பட்டும், 30 நொடி எதுவும் வராவிட்டால் சமையலறை இணைப்பை மூடட்டும்.

ஏழாம் படி: இரண்டாவது கல்லா

மேலே உள்ள சர்வர் சுற்று ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் கவனிக்கும். இரண்டாவது கல்லா வந்தால் கனெக்ட் வெற்றி பெறும், செண்ட்டும் வெற்றி பெறும், பதில் மட்டும் வராது. அக்செப்ட் ஆன ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு த்ரெட், அதாவது நிரலுக்குள் இணையாக ஓடும் ஒரு தனி ஓட்டம், தொடங்கினால் சரி. நாலு கல்லாவுக்காக எப்போல், அசின்க் என்று இறங்க வேண்டியதில்லை. அவை ஆயிரக்கணக்கான இணைப்புகளுக்கான கருவிகள். த்ரெட்டுகள் பொதுவாகத் தொடும் ஆர்டர் பட்டியலுக்கு மட்டும், ஒரு நேரத்தில் ஒன்றையே உள்ளே விடும் லாக் ஒன்று போடுங்கள்.

எட்டாம் படி: வேண்டுமென்றே உடைத்துப் பார்ப்பது

சரியாக அனுப்பும் கிளையன்ட்டை வைத்துச் சோதித்தால் ஒன்றும் தெரியாது. தொல்லை கொடுக்கும் ஒரு கிளையன்ட் எழுதுங்கள். ஒரு செய்தியைப் பைட் பைட்டாக, ஒவ்வொன்றுக்கும் நடுவே பத்தில் ஒரு நொடி விட்டு அனுப்பட்டும், நோடிலேயையும் ஆன் செய்துகொள்ளுங்கள். மூன்று செய்திகளை ஒட்டி ஒரே செண்ட்டில் தள்ளட்டும். தலையில் 12 என்று சொல்லிவிட்டு 7 பைட்டோடு மூடட்டும். தலையில் 200 கோடி என்று சொல்லட்டும். கடைசியாக, ஓடிக்கொண்டிருக்கும்போது கேபிளைப் பிடுங்குங்கள். மூடாமல் பிடுங்குவதுதான் முக்கியம்.

சர்வர் உண்மையிலேயே எந்த முகவரியில் காத்திருக்கிறது என்று பார்க்க லினக்ஸில் எஸ்எஸ் (ss), விண்டோஸில் நெட்ஸ்டாட் (netstat) கட்டளை. வயரில் போவதைப் பார்க்க வயர்ஷார்க்: அதில் 4 பைட் தலையையும் அதன் பின் வரும் தமிழ் பைட்டுகளையும் நேரடியாகக் காணலாம். தமிழ்க் குறிகள் எல்லாம் பதினாறடிமான எண்ணில் ஈ0 (E0) என்று தொடங்கும், தேடுவது எளிது.

ஒன்பதாம் படி: வெளியார் கண்

வயர்ஷார்க்கில் நீங்கள் பார்த்ததை வழியில் இருக்கும் வேறொருவரும் பார்க்க முடியும், போலி ஆர்டரும் அனுப்ப முடியும். வாடிக்கையாளர்களுக்குத் தரும் வைஃபையும் கல்லாவின் நெட்வொர்க்கும் ஒன்றாக இருக்கக் கூடாது. ஆர்டரோடு பணம் அல்லது தொலைபேசி எண் போகிறது என்றால், தரவைக் குறியாக்கி அனுப்பும் டிஎல்எஸ் அவசியம். அதைச் சேர்க்க நான்காம் படியில் எழுதிய எதையும் மாற்ற வேண்டாம்: இணைப்பு சாக்கெட்டை டிஎல்எஸ் உறைக்குள் போட்டு, அதே செய்தி_அனுப்பு, செய்தி_படி இரண்டையும் அதன் மேல் ஓட்டலாம், ஏனென்றால் டிஎல்எஸ் தருவதும் எல்லையில்லாத பைட் வரிசைதான். த்ரெட் முறையை விட்டு, பல சாக்கெட்டுகளில் எதில் தரவு வந்திருக்கிறது என்று சொல்லும் செலக்ட் அல்லது எப்போலுக்குப் போகிறவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிஎல்எஸ் நூலகம் ஒரு முழுத் தொகுதியையும் ஏற்கெனவே பிரித்துத் தன் உள்ளே வைத்திருக்கலாம். அப்போது சாக்கெட்டில் புதிதாக எதுவும் இல்லை என்று செலக்ட் சொல்லும், உங்கள் செய்தியோ நூலகத்துக்குள்ளேயே காத்துக்கிடக்கும். செலக்ட்டுக்குத் திரும்பும் முன், உள்ளே மிச்சம் இருக்கிறதா என்று நூலகத்தின் பெண்டிங் அழைப்பை ஒருமுறை கேட்டுவிடுங்கள்.